அம்பது வரைக்கும் சொல்லுறா, நாலு பிஸ்கட் எடுக்கத் தெரியல்ல

வணக்கம் அக்கா,

திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன், பேர் போட வேண்டாம். என்ட மகளுக்கு இப்ப மூண்டு வயசும் பத்து மாசமும். பக்கத்தில இருக்கிற நேர்சரிக்குப் போறா. ஒண்டில இருந்து அம்பது வரைக்கும் மூச்சுவிடாமச் சொல்லுவா, இங்கிலிஷ்ல இருவது வரைக்கும். வீட்டுக்கு ஆரும் வந்தா மாமி உடன அவவக் கூப்பிட்டுச் சொல்லிக்காட்டச் சொல்லுவா. போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையள் விளையாட வந்திருக்கக்குள்ள "நாலு பிஸ்கட் எடுத்துக்கொண்டு வா அம்மா" எண்டன், ரெண்டு கையாலயும் அள்ளிக்கொண்டு வந்து நிக்கிறா. சரி எண்ணு பாப்பம் எண்டா விரல் ஒரு பக்கம் ஓடுது, வாய் இன்னொரு பக்கம் ஓடுது, ஏழு பிஸ்கட்டுக்குப் பதினொண்டு வந்திட்டு. திரும்ப எண்ணச் சொன்னா ஒம்பது. ஒண்டு, ரெண்டு கேட்டா மட்டும் சரியாத் தாறா. நேர்சரியில கோடு கீறிப் பொருத்துற பேப்பர் ஒவ்வொரு நாளும் குடுக்கிறாங்க, அதையும் பிழையாத்தான் செய்யுறா. பிள்ளைக்கு ஏதும் குறை இருக்குமோ எண்டு ராவில நித்திரை இல்ல. மாமி சொல்லுறா நூறு வரைக்கும் பாடமாக்கினா தன்ட பாட்டில சரிவருமாம். வீட்டில கிடக்கிற சாமான வச்சு என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ அக்கா.

---

தங்கச்சி,

முதல்ல நித்திரையக் கொள்ளுங்கோ. ஒண்டும் ரெண்டும் சரியாத் தந்து அதுக்கு மேல அள்ளிக்கொண்டு வாறது குறை இல்ல, பிள்ளை எந்தப் படியில நிக்குது எண்டு காட்டுற அடையாளம். கேரன் வின் எண்ட ஆராய்ச்சிக்காரி 1990ல எழுதின கட்டுரையில உங்கட பிஸ்கட் வேலையத்தான் பரிசோதனையாச் செய்திருக்கிறா, விளையாட்டுச் சாமான் குவியல முன்னுக்கு வச்சு "இத்தின தா" எண்டு கேக்கிறது. பிள்ளையள் முதல் ஒண்டு எண்டா என்னண்டு பிடிப்பாங்க, பிறகு சில மாசம் போய் ரெண்டு, பிறகு மூண்டு, அதுக்கு மேல என்ன கேட்டாலும் கைக்கு அகப்பட்டத அள்ளித் தருவாங்க. பிறகு ஒரு கட்டத்தில நாலும் அஞ்சும் ஆறும் எல்லாம் ஒண்டா விளங்கிப்போகும், கூடுதலான பிள்ளையளுக்கு அது மூண்டரைக்கும் நாலரைக்கும் இடையில. உங்கட மகள் இப்ப ரெண்டில நிக்கிறா, அவ்வளவுதான்.

அப்ப அந்த அம்பது? அது தேவாரம் மாதிரி. பிள்ளை தேவாரத்த ஒரு சொல் பிசகாமப் பாடும், கருத்துக் கேட்டா முழிக்கும். அதுக்காகப் பாடவேண்டாம் எண்டு சொல்ல மாட்டன், ஒழுங்கு வாயில பதியத்தான் வேணும், ஆனா அத எண்ணுறது எண்டு நினைக்கக்கூடாது. நான் அத விளங்கிக்கொள்ள எனக்கே பத்து வருசம் எடுத்தது. படிப்பிக்கத் தொடங்கின காலத்தில கலைவிழாவுக்கு முப்பது பிள்ளையள மேடையில ஏத்தி நூறு வரைக்கும் சொல்ல வச்சன், தாய் தகப்பன் எல்லாம் எழும்பி நிண்டு கைதட்டினாங்க, எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போச்சு. நிகழ்ச்சி முடிஞ்சு வடை குடுக்கக்குள்ள முன் வரிசையில நிண்டு சத்தமாச் சொன்ன பெடியனிட்ட "உங்கட வரிசைக்கு ஆளுக்கு ஒண்டு குடு மகன்" எண்டு தட்ட நீட்டினன். முதல் பிள்ளைக்கு மூண்டு வச்சான், ரெண்டாவது பிள்ளைக்கு ஒண்டு, மூண்டாவது பிள்ளையத் தாண்டிப் போயிட்டான். அந்தப் பிள்ளை அழுதது இண்டைக்கும் காதில நிக்குது.

ஆளுக்கு ஒண்டு. இதுதான் எண்ணுறதுக்கு அத்திவாரம், இதுக்கு இலக்கமே தேவையில்ல. உங்கட மகள் பிஸ்கட் எண்ணக்குள்ள விரலும் வாயும் வேற வேற பக்கம் ஓடினதுக்குக் காரணமும் இதுதான், ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒண்டையும் விடக்கூடாது ஒண்டையும் ரெண்டுதரம் தொடக்கூடாது எண்டது இன்னும் கையில ஊறல்ல. 1978ல கெல்மனும் கலிஸ்டலும் எண்டு ரெண்டு பேர் எண்ணுறதுக்குள்ள என்னென்ன விதி ஒளிஞ்சிருக்கு எண்டு பிரிச்சு அஞ்சு சொன்னாங்க, அதில முதலாவது இதுதான். அந்த அஞ்சில இன்னொண்டு கடைசியாச் சொன்ன சொல்தான் மொத்தம் எண்டு விளங்குறது, இது நாங்க நினைக்கிற மாதிரி லேசில்ல. அஞ்சு பிஸ்கட்ட ஒழுங்கா எண்ணி முடிச்ச பிள்ளையிட்ட "அப்ப எத்தின?" எண்டு கேட்டுப்பாருங்கோ, திரும்பவும் ஒண்டு ரெண்டு எண்டு முதல்ல இருந்து தொடங்கும். பிள்ளைக்கு "எத்தின" எண்டா "எண்ணு" எண்டுதான் அர்த்தம். சில பிள்ளையள் கெட்டித்தனமாக் கடைசிச் சொல்லத் திருப்பிச் சொல்லப் பழகிடும், அதையும் நம்பாதீங்கோ. "எத்தின இருக்கு" எண்டு கேக்கிறதிலும் பாக்க "இத்தின கொண்டா" எண்டு கேக்கிறதிலதான் உண்மை வெளிக்கும்.

சரி, வீட்டில என்ன செய்யுறது. நாளைக்கே தொடங்கலாம், சாப்பாட்டுத் தட்டு வைக்கிற வேலைய மகளிட்டக் குடுங்கோ. அப்பாக்கு ஒண்டு, அப்பம்மாக்கு ஒண்டு, அம்மாக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. பிறகு தட்டுக்கு ஒரு தம்ளர். பிறகு பொரிச்ச சூடை ஆறினாப்பிறகு தட்டுக்கு ஒண்டு அவட கையாலேயே வைக்கட்டும். ஒரு மீன் மிஞ்சினா அல்லது ஒரு தட்டுக்குக் காணாம வந்தா நீங்க வாயத் திறக்காதீங்கோ, அவவாப் பாத்து "அப்பம்மாக்கு இல்ல" எண்டு சொல்லுவா பாருங்கோ, அந்த நிமிசம்தான் பாடம். இலக்கம் சொல்லவேண்டாம் எண்டில்ல, வச்சு முடிய நீங்க சும்மா "நாலு பேர், நாலு தட்டு, நாலு மீன்" எண்டு போறபோக்கில சொல்லிவிடுங்கோ. கேள்வி கேக்காதீங்கோ. செருப்பச் சோடி சேக்கிறது, போத்தலுக்கு மூடி தேடிப் போடுறது, கொடியில காயிற துணிக்கு ஆளுக்கொரு கிளிப் போடுறது எல்லாம் இதே வேலைதான்.

ரெண்டு மூண்டு கிழமை போக முட்டை வாற பத்துக் குழிப் பெட்டிய எடுங்கோ, முப்பது குழித் தட்டு இப்ப வேண்டாம். குழிக்கு ஒரு சோடா மூடி. நிரப்பி முடிஞ்சா சரி, குழி வெறுமையாக் கிடந்தா கண்ணுக்கே தெரியும், நீங்க பிழை எண்டு சொல்லத் தேவையில்ல. சாமானக் கையில குடுத்துப் படிப்பிக்கிற முறைய உண்டாக்கின மரியா மொண்டிசோரி அம்மா இத நல்லா விளங்கிவச்சிருந்தவ. அவட எண் பெட்டியில பூச்சியத்தில இருந்து ஒம்பது வரைக்கும் அறை, போடுறதுக்குச் சரியா 45 குச்சி, இடையில எங்கயாவது ஒண்டு கூடக்குறைய வச்சா கடைசி ஒம்பதாம் அறைக்கு வரக்குள்ள இடிக்கும், பிள்ளை தானாத் திரும்பிப் பாக்கும். பூச்சிய அறையில ஒண்டும் போடாம விடுறதப் பிள்ளையள் என்ன சிரிப்போட செய்வாங்க தெரியுமா. அவ 1939ல சென்னை அடையாறுக்கு வந்து, 1944ல இலங்கையிலயும் பயிற்சி குடுத்திட்டுப் போனவ. இண்டைக்கு நேர்சரிப் பலகையில அவட பேர எழுதிவச்சிட்டு உள்ளுக்க பேப்பர்தான் ஓடுது.

ஒரு எச்சரிக்கை. புளியங்கொட்டை, கடலை மாதிரிச் சின்னச் சாமான் எடுத்தா பக்கத்திலேயே இருங்கோ, ஒருக்கா என்ட வகுப்பில ஒரு பிள்ளை கடலைய மூக்குக்குள்ள தள்ளி நாங்க ஆட்டோ பிடிச்சு ஓடினது எனக்குத்தான் தெரியும். குண்டுமணி வேண்டவே வேண்டாம், சிவப்பும் கறுப்புமா வடிவாத்தான் இருக்கும், கடிச்சு மெண்டா நஞ்சு.

கன்னியாக்கு மகளக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீங்களா? போன வருசம் என்ட தங்கச்சிட பேரன், நாலு வயசு, அவனோட போனனாங்க. வெந்நீர்க் கிணறு ஏழு எண்டு எங்களுக்குத் தெரியும், அவன எண்ணச் சொன்னம். எட்டு எண்டான். திரும்ப எண்ணினான், பத்து. அவன்ட பிழை இல்ல, வரிசையா இருந்தா முதலும் முடிவும் தெரியும், இது சின்னச் சின்னச் சதுரக் கிணறு கிட்டக்கிட்டக் கிடக்கு, சனம் வேற வாளியோட குறுக்க நெடுக்கப் போகுது, எங்க தொடங்கினது எண்டது மறந்து திரும்பத் தொடங்கின கிணத்தையே எண்ணுறான். நான் கீழ கிடந்த கல்லுக் கொஞ்சம் பொறுக்கிக் குடுத்து ஒவ்வொரு கிணத்துக் கட்டிலயும் ஒண்டு வச்சிட்டு வா எண்டன். கல்லு இருக்கிற கிணறு முடிஞ்ச கிணறு. வச்சு முடிஞ்சு எல்லாத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து என்ட சேலைத் தலைப்பில கொட்டினான், நிலத்தில வரிசையா அடுக்கி ஒவ்வொண்டாத் தள்ளித் தள்ளி எண்ணினான். ஏழு. கொஞ்ச நேரம் கல்லப் பாத்தான், கிணத்தப் பாத்தான், "கல்லும் ஏழு, கிணறும் ஏழா அம்மம்மா?" எண்டான். ஓம் எண்டன். "அப்ப வாளியும் ஏழா?" வாளி மூண்டுதான் இருந்தது, அதுக்கு அவனுக்கு வந்த கோவத்தப் பாக்கவேணும்.

தள்ளி எண்ணுறது எண்டன் பாருங்கோ, அத உங்கட மகளுக்கும் பழக்குங்கோ. குவியலா வச்சு விரலால தொட்டு எண்ணச் சொல்லாம, இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்துக்கு ஒவ்வொண்டா நகர்த்தி எண்ண விடுங்கோ, கை அசையிற வேகத்துக்குத்தான் வாயும் போகும். திருகோணமலைக் கோட்டைக்குள்ள திரியிற மான எண்ணுற விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம், அது நிக்காது, எனக்கே பிழைக்கும்.

இன்னொண்டு, விளையாட்டா ஒருக்காச் செய்து பாருங்கோ. அஞ்சு பிஸ்கட் ஒரு வரிசை, அதுக்கு நேர கீழ அஞ்சு. ரெண்டும் சமமா எண்டு கேட்டா ஓம் எண்டுவா. பிறகு அவட கண்ணுக்கு முன்னாலயே கீழ் வரிசைய அகட்டி வையுங்கோ, இப்ப கீழதான் கூட எண்டு சொல்லுவா. பியாஜே எண்ட சுவிஸ் அறிஞர் காட்டினது இது, கன பிள்ளையள் ஆறு வயசு வரைக்கும் அப்படித்தான் சொல்லும். திருத்தப்போகாதீங்கோ, சிரிச்சிட்டு ரெண்டு பேருமாச் சாப்பிடுங்கோ.

இலக்க மட்டை கடைசியிலதான். மூண்டு மூடிக்குப் பக்கத்தில மூண்டு புள்ளி போட்ட மட்டை, அது பழகினாப்பிறகு 3 எண்டு எழுதின மட்டை. நேர்சரியில குடுக்கிற கோடு கீறுற பேப்பர் இதுக்கெல்லாம் பிறகு வரவேண்டியது, கையால செய்யாததப் பென்சிலால செய்யச் சொன்னா பிள்ளை எப்பிடிச் செய்யும். டீச்சரோட சண்டைக்குப் போகாதீங்கோ, அவவுக்கும் தாய்மார் தினமும் "இண்டைக்கு என்ன எழுதினது" எண்டு கேக்கிற நெருக்கம் இருக்கு. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கு மூண்டு வயசிலேயே ஓடத் தொடங்கின ஊர் இது. பேப்பர வாங்கி வையுங்கோ, பிழைய எண்ணாதீங்கோ.

மாமிய மட்டும் எதிர்க்காதீங்கோ. அவவ வச்சுத்தான் வேலை செய்யவேணும். அரிசி போடக்குள்ள மகளப் பக்கத்தில இருத்தி, மாமி ஒரு சுண்டு அளந்து போட மகள் ஒரு மூடிய ஒரு கிண்ணத்துக்குள்ள போடட்டும், சுண்டுக்கு ஒரு மூடி. முடிய மூடிய எண்ணினா எத்தின சுண்டு எண்டு வரும், மாமிட கணக்கோட சரியா எண்டு பாக்கலாம். ஒரு சிக்கல்தான், மாமி பழைய ஆள் எண்டா முதல் சுண்டுக்கு ஒண்டு எண்டு சொல்ல மாட்டா, "லாபம்" எண்டுதான் தொடங்குவா. மகள் "இல்ல அப்பம்மா, ஒண்டு" எண்டு திருத்துவா. அந்தச் சண்டைக்குள்ள நீங்க போகாதீங்கோ, சோத்துக்கு உலைய வையுங்கோ.