ரியூவும் ஸ்கார்ப்பியனும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டத்துல இருந்து எழுதுறேன். பழைய வீடியோ கேம் பத்தி நீங்க எழுதுனதுல, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பக்கத்துல மார்ட்டல் காம்பேட்ட வைக்கவே முடியாதுன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. அது எனக்கு ஒத்துக்கவே முடியல. ரெண்டுமே ரெண்டு பேரு மோதுற சண்ட கேம் தான், சவுதியில இருந்து மாமா கொண்டு வந்த சேகா மெகா டிரைவ் கேம் மெஷின்ல ரெண்டையும் ஆடியிருக்கேன், மூணு பட்டன் இருக்குற பேட்ட கையில புடிச்சு. மார்ட்டல் காம்பேட்ல இருக்குறது நிஜ மனுஷங்க, அடிச்சா ரத்தம் வரும், கடைசியில தோத்தவன கொல்லுற ஃபேட்டாலிட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் வெறும் கார்ட்டூன். போதாததுக்கு இந்தியாக்காரன்னு ஒருத்தன காட்டி கழுத்துல மண்டையோட்டு மாலையும் வாயில தீயும் வச்சிருக்கான், அது நமக்கு அவமானம் இல்லையா? எம் பையனுக்கு ஒன்பது வயசு, பழைய கேம் வேணும்னு கேக்கான். எத குடுக்க?

– மார்த்தாண்டம் வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த வரிய இப்பவும் அப்படியே தான் சொல்லுவேன். ஆனா ஏன்னு விரிவா சொல்லணும், உங்க கடிதத்துலயே அதுக்கு பாதி பதிலு இருக்கு. மூணு பட்டன் பேட்ல ஆடுனேன்னு எழுதியிருக்கீங்க இல்லியா, அங்க இருந்து தொடங்குறேன்.

1991ல காப்காம்னு ஜப்பான் கம்பெனி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2வ கடையில காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல விட்டப்ப அதுல ஆறு பட்டன். குத்துக்கு மூணு, உதைக்கு மூணு, லேசு நடுத்தரம் பலம்னு. அடுத்த வருசம் 1992ல வீட்டுல வச்சு ஆடுற சூப்பர் நின்டெண்டோ மெஷினுக்கு வந்துச்சு, 16 மெகாபிட் கேசட், அதாவது 2 எம்பி, அந்த காலத்துக்கு அது பெரிய கேசட். நின்டெண்டோ பேட்ல முன்னால நாலு பட்டன், மேல தோள்ல ரெண்டு, ஆக ஆறும் அப்படியே உக்காந்துருச்சு. மெகா டிரைவ் பேட்ல மூணு தான். 1993ல அதுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தப்ப அந்த மூணு பட்டன வச்சு ஆடுறவன் ஸ்டார்ட்ங்குற தனி பட்டன அழுத்தி அழுத்தி குத்துக்கும் உதைக்கும் மாத்திக்கணும், எதிராளி மேல பாயும்போது ஸ்டார்ட்ட தேடிக்கிட்டு இருந்தா எப்படி ஆடுறது? அதனால தான் சேகா ஆறு பட்டன் பேட் ஒண்ண தனியா வித்தான். உங்க மாமா அத வாங்கல. நீங்க பாத்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் பாதி தான் தம்பி.

இப்ப நிஜ மனுஷங்க விசயம். மார்ட்டல் காம்பேட் 1992ல சிகாகோவுல மிட்வே கம்பெனியில உருவானது, எட் பூன், ஜான் டோபியாஸ், இன்னும் ரெண்டு பேரு, ஆக நாலே பேரு சேந்து செஞ்ச கேம், அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம் தான். ஆளுங்கள கேமரா முன்னால நிக்க வச்சு வீடியோ எடுத்து அந்த படத்தயே கேமுக்குள்ள போட்டாங்க. நாலு கை கோரோ மட்டும் களிமண் பொம்மை, அத கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு அசைச்சு படம் புடிச்சது. அழகு தான், கொள்ளாம், நான் மறுக்கல. ஆனா ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ, ஜானி கேஜ் மூணு பேருமே டேனியல் பெசினான்னு ஒரே ஆளு. ஸ்கார்ப்பியன் மஞ்ச, சப்-ஜீரோ நீலம், படம் ஒண்ணு, கலர் மாத்துனது. அதுகூட பரவாயில்ல. ஏழு பேருல யார எடுத்தாலும் கீழ உக்காந்து குத்துற அப்பர்கட் ஒண்ணு தான், காலு வாரி விடுறதும் ஒண்ணு தான், நீளமும் வேகமும் ஏறக்குறைய அதே. ஸ்பெஷல் மூவ் மட்டும் தான் ஆளுக்கு ஆளு வேற, அவன் கயிறு எறிவான், இவன் ஐஸ் எறிவான். அத கழிச்சுட்டு பாத்தா யார எடுத்தாலும் ஒரே ஆட்டம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல அப்படி இல்ல. எட்டு பேரும் எட்டு ஆட்டம். ரியூ உக்காந்து போடுற நடு உதைக்கு ஒரு நீளம், கெயிலோட காலுக்கு இன்னொரு நீளம், சாங்கீஃப் ஒட்டி வந்தா தான் புடிச்சு தலைகீழா இடிக்க முடியும், அதனால அவன ஆடுறவன் எப்படியாவது பக்கத்துல வரப் பாப்பான், எதிர்ல நிக்குறவன் எப்படியாவது வர விடாம பாப்பான். நம்ம ஜில்லாவுல அடிமுறை படிக்கப் போனவங்களுக்கு தெரியும், ஆசான் எடுத்த எடுப்புல வர்மம் சொல்லித் தர மாட்டாரு, மொதல்ல சுவடு, காலு எங்க வைக்கணும், எவ்வளவு தள்ளி நிக்கணும், அது உடம்புல ஊறுன பொறவு தான் கை. ஸ்ட்ரீட் ஃபைட்டரும் அதே மாதிரி சுவடுல நிக்குற கேம்.

ஒண்ணே ஒண்ண உங்களுக்கு கிட்டத்துல காட்டுறேன். ரியூ தள்ளி நின்னு ஹடோக்கன் போடுறான், அதாவது கையில இருந்து பாயுற சக்தி உருண்டை. எதிராளி தடுத்தா கொஞ்சம் உயிர் கொறையும், தாண்டிக் குதிச்சா ரியூ ஷோர்யுக்கன்ல கீழ இருந்து மேல அடிச்சு விழ வைப்பான். ஆனா ஹடோக்கன் போட்ட கையி திரும்ப வர ஒரு கணம் ஆகும், அந்த கணத்த முன்னாடியே கணிச்சு குதிச்சவன் ரியூ தலையில எறங்கிருவான். அப்ப ரியூ என்ன செய்வான், போடுற மாதிரி நின்னுக்கிட்டு போடாம இருப்பான், குதிச்சவன் மாட்டுனான். நாரோயில்ல மணிக்கணக்குக்கு காசு வாங்கி ஆட விடுற கடையில, பின்னால நிக்குற பயலுவ “லேய் குதிக்காதே, குதிக்காதே”ன்னு கத்துவானுவ. கத்துனாலும் கேக்காம குதிச்சுருவோம்.

தடுக்குறதயும் பாருங்க. மார்ட்டல் காம்பேட்ல அதுக்கு தனி பட்டன், அழுத்திக்கிட்டு நின்னா எந்த பக்கம் இருந்து அடி வந்தாலும் தடுத்துரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல பின்னால நடக்குறதும் தடுக்குறதும் ஒரே சாவி. பயந்து பின்னால அமுக்குனா ஆளு மூலைக்கு போயிருவான், மூலைக்கு போனா போச்சு. அதோட எதிராளி தலைக்கு மேல தாண்டி மறுபக்கம் அடிச்சா பின்பக்கம்ங்குறதே மாறிரும், அத கண்டு மாத்தி அமுக்கணும். ஒரு பட்டன கொறச்சதால எவ்வளவு பெரிய ஆட்டம் வந்துருச்சு பாருங்க, எனக்கு இத நெனக்க நெனக்க சந்தோசமா இருக்கும். அடுத்தடுத்த அடி எதிராளி தடுக்க முடியாம ஒட்டி விழுற காம்போவும் திட்டம் போட்டு வச்சது இல்லையாம், கார ஒடைக்குற போனஸ் கட்டத்த சோதிக்கும்போது அடிக்கு அடி ஒட்டி விழுறத பாத்துட்டு அத எடுக்காம விட்டுட்டாங்க. அதுல இருந்து தான் பொறவு வந்த அத்தன ஃபைட்டிங் கேமுக்கும் காம்போ வந்துச்சு.

ஃபேட்டாலிட்டிய நான் மட்டமா சொல்ல மாட்டேன். ஃபினிஷ் ஹிம்னு அந்த குரல் வந்ததும் கடையில பேச்சு நின்னுரும். அதுக்கும் சரியான தூரம் வேணும், ஒருத்தனுக்கு ஒட்டி நிக்கணும், இன்னொருத்தனுக்கு தள்ளி நிக்கணும். ஆனா எதிராளி தோத்து தள்ளாடி நிக்கும்போது தூரம் பாத்து என்ன செய்ய? சண்ட நடக்கும்போது பாக்க வேண்டியது அது.

ரத்தமும் நீங்க ஆடுன மெஷின்ல தான் இருந்துச்சு, தெரியுமா? 1993 செப்டம்பர் 13ந்தேதி மார்ட்டல் காம்பேட் நின்டெண்டோ, சேகா ரெண்டு வீட்டு மெஷினுக்கும் ஒரே நாள்ல வந்துச்சு. நின்டெண்டோக்காரன் ரத்தத்த எடுத்துட்டு சாம்பல் கலர்ல வேர்வை தெறிக்க விட்டான், சப்-ஜீரோ எதிராளி தலைய முதுகெலும்போட புடுங்குறதயும் மாத்திட்டான். சேகாவுல ஏ பி ஏ சி ஏ பி பின்னு அழுத்துனா ரத்தம் வரும். படம் நின்டெண்டோவுல தான் தெளிவு, ஆனாலும் சேகா கேசட் தான் கூட வித்துச்சு. அந்த டிசம்பர்ல அமெரிக்க செனட்டுல விசாரணையே நடந்துச்சு, 1994ல வயசு முத்திரை குடுக்குற இஎஸ்ஆர்பி வந்துச்சு. அதே வருசம் வந்த ரெண்டாவது பாகத்துல நின்டெண்டோவும் ரத்தத்த விட்டுட்டான். ஒரு கேமால செனட்டு வரைக்கும் கூடுனது பெரிய விசயம் தான், ஆனா ஆட்டம் அதனால ஒசந்துராது.

நீங்க சொன்ன அந்த இந்தியாக்காரன், தால்சிம், அவன் விசயத்துல உங்க கோவம் எனக்கும் உண்டு. மண்டையோட்டு மாலையும் பின்னால ரெண்டு பக்கமும் பிளிறுற யானைங்களும், ஜப்பான்ல உக்காந்து இந்தியான்னா இது தான்னு நெனச்சு வரஞ்சது. யோகா செய்யுறவன் தீயா துப்புவான்? ஆனா வரஞ்ச கையும் ஆட்டத்த செஞ்ச கையும் வேற வேற. கையும் காலும் திரையோட பாதி தூரம் நீளும், தள்ளி நின்னே அடிக்கலாம், ஆனா நீட்டுன கையில எதிராளி அடிச்சாலும் வலி அவனுக்கு தான். நீளமே பலம், நீளமே பலவீனம். எட்டு பேருல இவ்வளவு யோசிச்சு செஞ்ச ஆளு வேற இல்லன்னு நான் நெனக்கேன். அவமானம்னு ஒதுக்குனா நஷ்டம் நமக்கு.

பையனுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் குடுங்க. 2018ல காப்காம் பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் கேம்கள ஒண்ணா சேத்து 30ஆவது வருசத் தொகுப்பா விட்டான், ரெண்டாம் பாகம் அதுல இருக்கு. பழைய எட்டு பிட் கேம் டப்பா விக்குறவன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3ன்னு லேபிள் ஒட்டுன கேசட்ட நீட்டுனா வாங்காதீங்க, அதுல ஒண்ணுல நின்டெண்டோ கேமோட நாயகன் மரியோ வந்து சண்ட போடுவான், அது காப்காம் செஞ்சதே இல்ல. மார்ட்டல் காம்பேட்டுக்கு சேகாவே அப்ப 13 வயசுன்னு முத்திரை குத்தி தான் வித்தான், ஒன்பது வயசுக்காரனுக்கு அது இப்ப வேண்டாம். நீங்க கெயில எடுங்க, அவனுக்கு ரியூ. தொடக்கத்துல ஹடோக்கன் போடாம, நடந்து நடந்து காலு வார மட்டும் விடுங்க, தூரம் கண்ணுல பதியட்டும். பேட் வாங்கும்போது ஆறு பட்டனும் தனித்தனியா இருக்கான்னு கடையிலயே பாத்துக்கிடுங்க.