கறுப்பு ஏன் சாம்பலாகிறது? கணினியும் தொலைக்காட்சியும்: கேள்வி பதில்

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதிக் கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான். அதனால் முதல் பதில் நீண்டுவிட்டது, பொறுமையாக வாசியுங்கள்.

கொக்குவில், மாணவர்: அண்ணா, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் தொலைக்காட்சிக்குக் கொடுத்திருக்கிறேன். இரவுக் காட்சிகளில் கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரிகிறது. பிரைட்னஸைக் குறைத்தால் முகங்களும் இருண்டுவிடுகின்றன. தொலைக்காட்சி பழுதா?

தம்பி, தொலைக்காட்சியில் பழுதில்லை. முதல் வேலையாகப் பிரைட்னஸைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுங்கள். இது வெளிச்சத்தின் கோளாறு அல்ல, எண்களின் கோளாறு.

திரையின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் கணினி எண்ணால் குறிக்கும்: கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. வீடியோவுக்கு அப்படியல்ல. 1982இல் வந்த பிடி.601 என்ற வீடியோத் தரம் கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் வைத்தது. சிக்னல் சற்று மேலே துள்ளினாலும் கீழே சரிந்தாலும் வெட்டுப்படாமல் இருக்க இரு பக்கமும் இடம் விட்டார்கள். இன்றைக்கும் டிவிடி, புளூ-ரே, இணையத்தில் பார்க்கும் படங்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த அளவிலேயே வருகின்றன.

ஆகவே 16–235 ஐ 0–255 ஆக விரிக்கும் வேலை வழியில் எங்கோ ஓரிடத்தில் ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும். கறிக்கு உப்புப் போடுவதைப் போன்றது இது. ஒருவரும் போடாவிட்டால் சப்பென்றிருக்கும், இருவர் போட்டால் வாயில் வைக்க முடியாது. விரித்தல் நடக்காவிட்டால் 16 என்பது கறுப்பாகாமல் கரும்சாம்பலாகவே நிற்கும், வெள்ளையும் மங்கும். இரண்டு தடவை நடந்தால் நிழலில் உள்ளவை கறுப்பில் புதைந்துவிடும், வெள்ளைத் துணியின் மடிப்புகள் காணாமற்போகும்.

உங்கள் அட்டை 16–235 அனுப்புகிறது, தொலைக்காட்சி அதை 0–255 என்று எடுத்துக்கொள்கிறது. என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ பக்கத்துக்குப் போய், என்விடியாவின் நிற அமைப்பைத் தெரிவுசெய்து, ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ (0–255) ஆக்குங்கள். பிறகு தொலைக்காட்சியும் அதையே எதிர்பார்க்கிறதா என்று பாருங்கள். சாம்சுங்கில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ என்று இருக்கும்: ‘லோ’ என்றால் 16–235, ‘நார்மல்’ என்றால் 0–255. எல்ஜியில் ‘பிளாக் லெவல்’ என்பதில் ‘லோ’ என்றால் 16–235, ‘ஹை’ என்றால் 0–255. ‘ஃபுல்’ உயர்ந்தது, ‘லிமிடெட்’ (16–235) தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு முனையும் ஒத்துப்போனால் எதுவும் சரியே. டிரைவரை (அட்டையை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்த பிறகு மட்டும் இந்த இடத்தை மறுபடி ஒரு தடவை பாருங்கள், சில வேளை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைக் காட்சிகள் இருக்கின்றன. கறுப்புக்கான காட்சியில் எண்ணிட்ட பட்டைகள் மின்னும். 17ஆம் பட்டை மிக மெல்லியதாக மின்ன வேண்டும், 16 பின்னணியோடு கலந்துவிட வேண்டும். பிரைட்னஸில் கை வைக்கும் நேரம் அதுதான்.

சாவகச்சேரி: கணினியின் முகப்புத் திரை மிக நன்றாக இருக்கிறது. படம் ஓடும்போது மட்டும்தான் வெளிறுகிறது.

நீங்கள் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. முகப்புத் திரை சரியென்றால் அட்டைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் பிணக்கில்லை. கோளாறு படம் ஓட்டும் செயலியில் அல்லது டிரைவரின் வீடியோப் பகுதியில் இருக்கிறது. என்விடியாவில் வீடியோ நிற அமைப்புக்கென்று தனிப்பக்கம் உண்டு. அதன் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் 16–235 தெரிவாகியிருந்தால் 0–255 ஆக்குங்கள். ‘கோடி’ என்ற படம் ஓட்டும் செயலியில் பார்ப்பவர் என்றால், திரை அமைப்புகளில் 16–235 நிற அளவைப் பயன்படுத்தும் தெரிவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது போட்டிருந்தால் செயலி விரிக்காமலே அனுப்பும். டிரைவர் ‘ஃபுல்’ நிலையில் கைபடாமல் கடத்தும். விரிக்கும் பொறுப்பு தொலைக்காட்சிக்குப் போகும், அது 0–255 நிலையில் இருந்தால் படம் வெளிறும். கோடி தவிர வேறொன்றும் ஓடாத கணினிக்கு, தொலைக்காட்சியையும் 16–235இல் வைத்தால், அது மிக நல்ல ஏற்பாடு. மற்ற வேலைகளும் செய்யும் கணினிக்கு வேண்டாம், அவற்றின் நிறம் கெட்டுவிடும்.

மானிப்பாய்: அம்மா அப்பாவின் கல்யாண வீட்டுக் கசெட்டை முன்னரே டிவிடியாக்கி வைத்திருந்தோம். கனடாவில் உள்ள தம்பி அதை எச்டி அளவுக்குப் பெருப்பித்து அனுப்பினான். படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அம்மாவின் கூறைச்சேலை அரக்குச் சிவப்பு. இதில் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்துவிட்டது. திரும்பப் பெற முடியுமா?

முடியும் அக்கா, பழைய டிவிடியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். நம் நாட்டில் ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறை என்பதால் அந்த டிவிடி 720×576 அளவில் இருக்கும். அது பிடி.601 கணக்கில் எழுதப்பட்டது. எச்டி வந்தபோது பிடி.709 என்ற வேறு கணக்கு வந்தது. வீடியோவில் ஒளி தனியாகவும் நிறம் தனியாகவும் எழுதப்படும். அந்த ஒளியில் சிவப்பின் பங்கு பழைய கணக்கில் 0.299, புதியதில் 0.2126. பச்சையின் பங்கு 0.587இலிருந்து 0.7152 ஆக ஏறியது.

தம்பி அளவைப் பெருப்பித்தபோது கணக்கை மாற்றாமல் விட்டிருக்கிறார். எந்தக் கணக்கென்று கோப்பில் குறிப்பு இல்லாதபோது பல செயலிகள் படத்தின் அளவைப் பார்த்தே ஊகிக்கின்றன: சிறியதென்றால் 601, பெரியதென்றால் 709. இங்கே ஊகம் பிழைத்தது. 601இல் எழுதிய சுத்தச் சிவப்பை 709இல் வாசித்தால் சிவப்பு மிஞ்சி, அதற்குள் பத்தில் ஒரு பங்கு அளவு பச்சை கலந்துவிடும். சிவப்பில் பச்சை சேர்ந்தால் செம்மஞ்சள்தான். மணவறையில் கட்டிய மாவிலையையும் பாருங்கள், அதன் பச்சை சற்று இருண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிவிடியிலிருந்து மறுபடி பெருப்பிக்கும்போது, மூலம் 601, இலக்கு 709 என்று மென்பொருளுக்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அதற்கென்று வடிகட்டிகள் இருக்கின்றன. கோப்பிலும் 709 என்ற குறிப்பைப் பதியச் சொல்லுங்கள். நிறப் பொத்தானைத் திருகிச் சேலையைச் சரிப்படுத்தினால் அம்மாவின் முகநிறம் கெட்டுவிடும், அந்த வழிக்குப் போகாதீர்கள்.

பருத்தித்துறை, வீடியோப் படப்பிடிப்பாளர்: என் கணினியில் நன்றாக இருக்கும் கல்யாண வீடியோ, வாடிக்கையாளர் வீட்டுத் தொலைக்காட்சியில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வெறும் வெள்ளைத் தாளாகக் காட்டுகிறது.

உங்கள் கமெரா 0–255 முழு அளவில் பதிகிறதா என்று பாருங்கள். சில கமெராக்களும் பல கைத்தொலைபேசிகளும் அப்படிப் பதிந்து, கோப்பில் ஒரு குறிப்பு மட்டும் வைக்கின்றன. அந்தக் குறிப்பை எல்லாக் கருவிகளும் மதிப்பதில்லை. மதிக்காத கருவியில் 235க்கு மேலுள்ள அத்தனையும் ஒரே வெள்ளை, வேட்டியின் மடிப்பும் சரிகைக்குப் பக்கத்து நெசவும் அங்கேதான் இருந்தன. டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால் கிளிப்பின் ‘டேட்டா லெவல்ஸ்’ சரியாகத் தெரிவாகியிருக்கிறதா என்று பார்த்து, வெளியேற்றும்போது ‘வீடியோ’ அளவில் கொடுங்கள். அது எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி ஓடும். கொடுப்பதற்கு முன் சாதாரணத் தொலைக்காட்சி ஒன்றில் யுஎஸ்பி வழியாக ஓட்டிப் பாருங்கள். அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் வைத்திருக்கப்போகும் படம் அது.

நெல்லியடி: விலைகூடிய எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் கறுப்பு ஆழமாகுமா?

ஆகாது. கேபிள் தரம் குறைந்தால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது வரவே வராது. நிறம் வெளிறாது.

அரியாலை: 4கே படங்கள் மட்டும் சாயம்போன துணிபோல் ஓடுகின்றன. என் தொலைக்காட்சி பழைய எச்டி.

அவை எச்டிஆர், அதாவது வெளிச்ச வீச்சுக் கூடிய படங்கள். 16–235 பிணக்கு இல்லை இது. எச்டிஆர் 10,000 நிட் (வெளிச்ச அலகு) வரை கணக்கிடும், ஒளியை எண்ணாக்கும் வேறொரு வளைவில், பிடி.2020 என்ற விரிந்த நிறவெளியில் எழுதப்பட்டது. அதைச் சாதாரணத் திரைக்கு அப்படியே அனுப்பினால் வெளிறத்தான் செய்யும். அதைச் சாதாரணத் திரையின் அளவுக்குச் சுருக்கும் ‘டோன் மேப்பிங்’ செய்யும் செயலி வேண்டும். எம்பிவி என்ற செயலி நன்றாகச் செய்கிறது. அதே படத்தின் சாதாரணப் பதிப்புக் கிடைத்தால் அதையே எடுங்கள், பழைய திரைக்கு அதுதான் பொருத்தம்.

காரைநகர், சனசமூக நிலையம்: நல்லூர்த் தேர் ஒளிபரப்பைப் புரொஜெக்டரில் காட்டினோம். மடிக்கணினியில் எச்டிஎம்ஐ, புரொஜெக்டரில் விஜிஏ, இடையில் ஒரு மாற்றி. படம் மங்கல்.

விஜிஏ வழியில் 16–235 என்று சொல்லும் ஏற்பாடே கிடையாது. மடிக்கணினி மாற்றியைத் தொலைக்காட்சி என்று நினைத்துக் குறுகிய அளவை அனுப்பினால், அது அப்படியே சுவருக்கு வந்து சேரும். டிரைவரில் ‘ஃபுல்’ ஆக்குங்கள். இன்டெல் என்றால் ‘குவான்டைசேஷன் ரேஞ்ச்’ என்ற பெயரில் இருக்கும். அதோடு, தேர் காலையில் ஓடுகிறது, உங்கள் மண்டபத்தில் யன்னல் வெளிச்சமும் இருக்கும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சம் விழாத சுவர்தான் அதற்குக் கறுப்பு. திரைக்கு எதிரே உள்ள யன்னல்களுக்குத் தடித்த துணி போடுங்கள்.