விருந்துக்கு முதல் நாளே எந்த இனிப்பைச் செய்து வைக்கலாம்?

சூடாக இறக்கிப் பரிமாற வேண்டியவற்றை விட்டுவிட்டு, குளிரவைத்துச் சாப்பிடும் இனிப்பைத் தேர்ந்தெடுங்கள்: புட்டிங், சீஸ்கேக், பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய கேக். இவற்றுக்குக் காத்திருப்பதும் சமையலின் ஒரு பகுதிதான். குளிரில் கிரீமிலுள்ள கொழுப்பு கெட்டியாகிறது. ஜெலட்டின் இறுகி நீரைப் பிடித்துக்கொள்கிறது. பிஸ்கட்டோ, பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் கிரீமின் ஈரத்தை மெல்ல இழுத்து மென்மையாகிறது. அதற்கு ஓர் இரவு போதும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த அடுக்கு கேக்தான், அடுப்பே வேண்டாம்! மூடி வையுங்கள், இல்லையென்றால் ஃப்ரிட்ஜிலுள்ள மற்ற வாசனை ஏறிவிடும். வறுத்த கொட்டைகளைப் பரிமாறும்போது தூவினால்தான் மொறுமொறுப்பு இருக்கும்.

அப்புறம், ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் இறுகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நீர் பனிக்கட்டியாகி, உருகும்போது ஜெலட்டின் புட்டிங் நீர்விட்டுக் குழைந்துவிடும். 4 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஃப்ரிட்ஜே சரியான இடம்.