பார்சலில் வந்த கடல் மீன் இரண்டு நாள்கூடத் தாங்காதது ஏன்?

கேள்வி: வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து ஆன்லைனில் காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் ஒன்றை வரவழைத்தேன். வந்து சேர ஒரு நாள் ஆனது. பாக்கெட்டைத் திறந்து, ட்யூப் வழியாக இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பிறகுதான் மீனை விட்டேன். அப்போதே மேல்மூச்சு வாங்கியது. மறுநாள் இரவு செத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் க்ளவுன் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உயிரோடு வந்துவிட்டதால் பணம் தர முடியாது என்கிறார் கடைக்காரர். அடுத்த மீனையாவது எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: அக்கறையோடு நீங்கள் செலவழித்த அந்த இரண்டு மணி நேரத்தின் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

மூடிய பாக்கெட்டில் மீனின் கழிவு அம்மோனியாவாகச் சேரும். மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீரின் பிஹெச் (அமில-காரத் தன்மை) அளவைக் கீழே இறக்கும். பிஹெச் இறங்கியிருக்கும்வரை அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியமாகவே கிடக்கும். அதனால் பெரிய தீங்கில்லை. பாக்கெட்டைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அம்மோனியம் மறுபடி விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே மீனை வைத்துக்கொண்டு சொட்டு விட்டால் செவுள் வெந்துபோகும். மேல்மூச்சு வாங்கியது அதனால்தான் இருக்கும். பக்கத்துக் கடையில் வாங்கி உடனே வீட்டுக்குக் கொண்டுவரும் மீனுக்குச் சொட்டு முறை நல்லதுதான். ஒரு நாள் பயணப்பட்ட மீனுக்கு வேண்டாம்.

அடுத்த முறை, ஆர்டர் கொடுக்கும்போதே கடைத் தொட்டியின் உப்பு அளவைக் கேளுங்கள். உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணியும் அடங்கும் என்று ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.018, 1.020 அளவில் வைத்திருக்கும் கடைகள் உண்டு. நம் வீட்டுப் பவளத் தொட்டியிலோ 1.025. தனியாக ஒரு சிறு தொட்டியை ஃபில்டரோடு கடையின் அளவுக்கே தயார் செய்து வையுங்கள். பாக்கெட்டைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்ததும் ஒரு சொட்டு எடுத்து, உப்பு அளவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். அளவு ஒத்துப்போனால் மீனை மட்டும் டப்பாவில் பிடித்து விட்டுவிடுங்கள். பாக்கெட் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். அன்று லைட் போடாதீர்கள். அப்புறம் நாளொன்றுக்கு 0.001 வீதம் உப்பை ஏற்றினால் போதும். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும். திடீரென ஏறினால் உடம்பிலிருக்கும் நீரே வெளியேறிவிடும். நான்கு வாரமாவது அங்கேயே வைத்து, வெள்ளைப்புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வருகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று, காப்பர்பேண்ட் எல்லோருக்கும் ஏற்ற மீன் அல்ல. பாறை இடுக்கில் மூக்கை நுழைத்துப் புழு தின்று வளர்ந்தது அது; தீவனத்தைத் தொடாமலேயே மெலிந்து சாகும். உறைந்த மைசிஸோ ஆர்ட்டீமியாவோ (இறால் போன்ற சிற்றுயிர்கள்) தின்பதை வீடியோவில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கடையிலேயே வைத்துத் தின்னப் பழக்கித் தருகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பண விஷயத்துக்கு வருகிறேன். உயிரோடு சேர்ப்பதுவரைதான் பொறுப்பு என்று வாங்கும் முன்பே சொல்லியிருந்தால் திரும்பப் பெறுவது கடினம். சொல்லவில்லை என்றால் பில், பேசிய சாட், மீனின் படம் எல்லாவற்றையும் இணைத்துக் கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.