பில்லிங் சர்வருக்கு எத்தனை பூட்டு?

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம், குடியாத்தத்தில் கிளை உண்டு. பில்லிங் சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. கிளையிலும் பில் போட வசதியாக ரவுட்டரில் டேட்டாபேஸுக்கான வாசலான 1433 போர்ட்டைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் முழு அதிகாரமுள்ள 'எஸ்ஏ' லாகின்தான். பாஸ்வேர்டை நீளமாக மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. திறந்த 1433-ஐத் தேடியே இரவு பகலாக ஸ்கேனர்கள் ஓடுகின்றன. கண்டதும் 'எஸ்ஏ' பெயரில் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும். போர்ட் எண்ணை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். சந்தேகமிருந்தால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பகுதியில் 18456 என்று தேடுங்கள். தோற்றுப்போன லாகின்கள் ஐபி முகவரியோடு வரிசையாக நிற்கும்.

முதலில் ரவுட்டரில் அந்த போர்ட்டை மூடிவிட்டு, கிளையை வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாக இணையுங்கள். அதற்கும் ஒரு போர்ட் (வழக்கமாக யுடிபி 51820) திறக்கத்தானே வேண்டும் என்பீர்கள். சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்ட் பதிலே சொல்லாது, வித்தியாசம் அதுதான். சர்வரின் ஃபயர்வாலிலும் கடை, கிளைக் கம்ப்யூட்டர்களின் ஐபிக்கு மட்டும் 1433-ஐ அனுமதியுங்கள்.

'எஸ்ஏ' விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அந்த லாகின் வெளியாள் கையில் கிடைத்தால் டேட்டாவை அழிப்பது மட்டுமல்ல, எக்ஸ்பி_சிஎம்டிஷெல் என்ற எஸ்க்யூஎல் சர்வர் வசதி வழியாக விண்டோஸ் கட்டளைகளையே ஓட்டலாம். ஆனால் சாஃப்ட்வேருக்குள் அதே லாகின் பதிந்திருந்தால், நிறுத்திய நிமிடமே பில்லிங் நின்றுவிடும். கடை விடுமுறை நாளில் வேறொரு அட்மின் லாகின் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு சாஃப்ட்வேருக்குத் தனி லாகின் போட்டு, படிக்க, எழுத மட்டும் உரிமை கொடுங்கள். ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு) இருந்தால் 'எக்ஸிக்யூட்' உரிமையும் வேண்டும். அதை விட்டால் பில் திறக்கும், சேமிக்கும்போது பிழை வரலாம். ஒரு பில் போட்டுப் பார்த்த பிறகே 'எஸ்ஏ'வை முடக்குங்கள். ஆடிட்டருக்குப் படிக்கும் உரிமை போதும்.

பலர் கோட்டை விடுவது பேக்கப்பில். அந்த ஃபைலை பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்தால், மேலே போட்ட அத்தனை பூட்டும் வெறும் அலங்காரம். எக்ஸ்பிரஸ் பதிப்பில் பேக்கப்பை என்க்ரிப்ட் செய்ய முடியாது. 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். ஒரு பிரதி கம்ப்யூட்டரோடு இணைக்காத டிஸ்க்கில் இருக்கட்டும். இணைந்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: யாராவது உள்ளே நுழைந்துவிட்டால்?

பதில்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை (கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். விண்டோஸ் லாக்கின் இயல்பான அளவு 20 எம்பிதான். நிறைந்ததும் பழையதன்மேல் எழுதிவிடும். இன்றைக்கே அதைப் பெரிதாக்கி, மாதம் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுங்கள்.