ராணி என்று சொல்லி சிப்பாயை விற்றால்?

கேள்வி: ஊசியில் பொருத்திய எறும்புகளைச் சேர்த்து வருகிறேன். டெலிகிராம் குழு ஒன்றில் 'காட்டுப் பேரெறும்பு, ராணி' என்று ஒருவர் போட்டிருந்தார். 45 வெள்ளியைப் பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பி வாங்கினேன். விவரம் தெரிந்த நண்பர் பார்த்துவிட்டு, இது ராணி இல்லை, சிப்பாய் எறும்பு என்கிறார். ஊசியில் விவரச் சீட்டும் இல்லை. விற்றவரோ, "தனி ஆள் விற்றது, பணம் திரும்பாது. புக்கிட் தீமாவில் பிடித்த அசல் சரக்கு" என்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், ஈசூன்)

பதில்: முதலில் நண்பர் சொன்னதை நீங்களே சரிபாருங்கள். காட்டுப் பேரெறும்பு இனத்தில் (டைனோமிர்மெக்ஸ் ஜிகாஸ்) சிப்பாய்களே, அதாவது உருவில் பெரிய வேலைக்கார எறும்புகளே, 28 மி.மீ. வரை வளரும். அந்த உருவத்தைப் பார்த்து ராணி என்று நம்பிவிடுவது சுலபம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். எறும்பைப் பக்கவாட்டில் பாருங்கள். ராணிக்கு இறக்கைத் தசைகள் இருந்த நடு உடம்பு தடித்து, மேலே புடைத்திருக்கும். இறக்கை உதிர்ந்திருந்தாலும் அது இருந்த இடத்தில் தழும்பு தெரியும். நெற்றி உச்சியில் மூன்று குட்டிக் கண்கள் புள்ளிகளாக இருக்கும். நடு உடம்பு ஒல்லியாக, தழும்பில்லாமல், உச்சியில் புள்ளியும் இல்லாமல் இருந்தால் அது சிப்பாய்தான். இந்தக் கோணங்களில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

'தனி ஆள் விற்றது' என்று அவர் சொல்வதில் பாதிதான் சரி. வியாபாரமாகச் செய்யாதவர் பொருளின் தரத்துக்குப் பொறுப்பில்லை. ஒரு கால் ஒடிந்து வந்திருந்தால் உங்கள் வாதம் நிற்பது கடினம். ஆனால், பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற பொருள் விற்பனைச் சட்டத்தின் விதி தனி ஆளுக்கும் பொருந்தும். 'ராணி' என்று எழுதித்தான் விற்றிருக்கிறார். அந்த விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்குள் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எறும்பைத் திருப்பித் தருகிறேன், பணத்தைத் தாருங்கள் என்று நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இணையத்திலேயே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 45 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றலாம். பெரும்பாலும் மனு போடப்போகிறேன் என்று மரியாதையாக எழுதினாலே பதில் வந்துவிடும்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்தப் புக்கிட் தீமா பேச்சு. சிங்கப்பூரில் புக்கிட் தீமா போன்ற இயற்கை வனப்பகுதியில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் எறும்பைக்கூடப் பிடித்து வரக் கூடாது. அனுமதி இருந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் அதை வேறு யாருக்கும் விற்காதீர்கள், மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். விலை ஏற்றுவதற்காக ஊர்ப்பெயரைச் சேர்த்திருந்தால் அதுவும் பொய்யான விவரம்தான்.

அப்புறம், சீட்டு. இனிமேல் சீட்டில்லாத எறும்பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். தப்பான பெயரை நாளைக்கு யாராவது நுண்ணோக்கியில் பார்த்துத் திருத்தலாம். பிடித்த இடமும் தேதியும் தொலைந்தால் போனதுதான், எறும்பைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஊசியில் முதல் சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் வேண்டும். இரண்டாவதில் இனத்தின் பெயரும் அடையாளம் சொன்னவர் பெயரும். சின்ன எறும்பானால் முக்கோண அட்டையின் நுனியில், கால்களுக்கு நடுவே சிறு பொட்டுப் பசையில் ஒட்டியிருக்க வேண்டும். முகத்திலோ இடுப்பிலோ பசை அப்பியிருந்தால் அடையாளம் காண வேண்டிய பாகமே மறைந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் தென்னமெரிக்கத் தோட்டா எறும்பை மதுசாரக் குப்பியில் போட்டு அஞ்சலில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: குப்பியோடு வேண்டாம். அதிலுள்ள மதுசாரம் (எத்தனால்) எளிதில் தீப்பிடிப்பது. விவரம் சொல்லாமல் அஞ்சலில் போட்டால் பொட்டலம் வழியிலேயே நின்றுவிடும். காய்ந்த மாதிரியாகக் கேளுங்கள். பிடித்த நாட்டில் ஏற்றுமதி அனுமதி வாங்கினாரா என்பதற்குத் தாளில் ஆதாரமும் கேளுங்கள். எறும்புதானே என்று நாடுகள் விட்டுவிடுவதில்லை. 2025இல் கென்யாவில் உயிருள்ள ராணி எறும்புகளை ஆயிரக்கணக்கில் கடத்தப் பார்த்தவர்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. விலையோடு 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியையும் கணக்கில் வையுங்கள்.

வந்து சேர்ந்ததும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். காற்றுப் புகாத பையில் போட்டு, இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். மாதிரிகளைத் தின்னும் வண்டுப் புழு ஒளிந்திருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு, பை அறைச் சூட்டுக்கு வரும்வரை அதைத் திறக்காதீர்கள். முன்னதாகத் திறந்தால் எறும்பின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால், கேமரா வைக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரியில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்துப் பாதுகாப்பது நல்லது.