ஆசிட்டோடு ப்ளீச் கலக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கல் பாவிய தளமும் அங்கே கிடக்கும் மர பெஞ்சும் பாசி பிடித்து வழுக்குகின்றன. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கிறது, பிறகு பழையபடிதான். கூடவே ப்ளீச்சிங் பவுடரும் கலந்தால் ஒரேயடியாகப் போய்விடுமா?

பதில்: பாசி போகிறதோ இல்லையோ, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆசிட் ஊற்றிய தளத்தைச் சரியாக அலசாமல் மறுநாள் ப்ளீச் தெளித்தாலும் அதே ஆபத்துதான்.

எனக்கு ஆசிட்டே பிடிக்காது. என்ன கல் என்று நீங்கள் எழுதவில்லை. மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்லோ மார்பிளோதான். ஆசிட் அதைக் கரைத்துவிடும். கிரானைட் தாங்கும், ஆனால் இடுக்கில் அடைத்த சிமென்ட் தாங்காது. அரித்துச் சொரசொரப்பான இடத்தில் ஈரம் தங்கும். பாசிக்கு வேறென்ன வேண்டும்?

மெத்தென்று திட்டாக வளர்ந்திருப்பதற்கு வேர் கிடையாது, மெல்லிய இழைகளால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் அடியில் மணலோடு பாய் மாதிரி உரிந்து வரும். அதை எடுத்துவிட்டு, வழுக்கும் பச்சைப் படலத்தை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் இரும்புத்துகள் துருக்கறையாகிவிடும். மிச்சத்துக்கு பென்சல்கோனியம் குளோரைடு கலந்த பாசி மருந்தை மழை வராத நாளில் தெளிக்கலாம். மீன் இருக்கும் தண்ணீரில் மட்டும் அது கலக்கவே கூடாது.

பெஞ்சுக்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேயுங்கள். ப்ளீச் போட்டால் நார் பிரிந்து நிற்கும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மரமே வரிவரியாகப் பிய்ந்துவிடும். பாசி மரத்தைத் தின்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் இற்றுப்போக வைக்கும் பூஞ்சை வளராது. தரையைத் தொடும் கால்நுனியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்கினால் இனி அது தச்சர் வேலை.

சுத்தம் செய்தபின் தளத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். ஏசி குழாய் அங்கே சொட்டினால் திருப்பிவிடுங்கள், வெயிலை மறைக்கும் கிளையைக் கழியுங்கள். கல்லில் ஈரம் ஏறாமல் மேலே பூசும் சீலரை அடிக்கச் சொல்லி யாராவது வந்தால், கல் உள்வரை காய்ந்த பிறகு யோசிக்கலாம் என்று அனுப்பிவிடுங்கள்.